அவர் வீட்டு மொழி எதுன்னு ஒருநாளாவது கேட்டோமா?



இது எதிர்முகாமுக்குப் பதிலடி இல்லை. நமக்கு நாமே எழுதிக்கிற பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் கடைசி வரை படிங்க. கோபம் வந்தாலும் படிங்க.

இந்தித் திணிப்பைக் கண்டிச்சு நாம ஒரு கார்டு போட்டா, பத்து நிமிஷத்துல கீழ என்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும். "வடக்கனை ரயில் ஏத்து." "பான்பராக் வாயன்." "பானிபூரி பார்ட்டி." போடுறவங்க புரொஃபைல்ல பார்த்தா அண்ணா படம், பெரியார் படம், கறுப்பு சிவப்பு. அதுக்கு நூறு லைக், சிரிப்பு எமோஜி.

ஒளிக்காம சொல்லிடுறேன், நானும் அப்படி ஒரு மீம் போட்டவன்தான். இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில டிரெய்னியா இருந்த காலம். அந்த மீமை நான் நீக்கினதுக்குக் காரணம் ஒரு போன்கால். என் போன்கால் இல்லை.

ஷிஃப்ட் முடிஞ்சு வாலாஜாபாத் ரோட்டுல ஒரு டீக்கடை. என் லைன்லயே வேலை பார்த்த பீகார் தம்பி பக்கத்துல நின்னு அம்மாகிட்ட பேசிட்டிருந்தார். நமக்கு ஐபிஎல் கமெண்டரி கேட்டு, சினிமா பார்த்து கொஞ்சம் இந்தி காதுல ஏறியிருக்குமே, அந்த அளவுக்குக் கூட அவர் பேசினதுல ஒரு வார்த்தை புரியலை. வச்சதும் கேட்டேன், "இது என்ன பாஷை?"

முதல்ல "ஹிந்தி"ன்னார். நான் நம்பலைன்னு முகத்துல தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் கூச்சப்பட்டு, "வீட்டுல பேசுறது. மைதிலி"ன்னார். சொந்த ஊர் தர்பங்கா பக்கம். "அதை ஏன் முதல்லயே சொல்லலை?"ன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இன்னும் மனசுல நிக்குது. "ஸ்கூல்ல அதுல பேசினா பட்டிக்காட்டான்னு சிரிப்பாங்க அண்ணா. அது பாஷை இல்ல, போலின்னு சொல்லுவாங்க."

இந்தியில 'போலி'ன்னா வட்டார வழக்கு, பேச்சு வழக்கு. நம்ம ஊர்ல போலின்னா டூப்ளிகேட். டெல்லிக்காரங்க அந்த மொழிகளை ரெண்டு அர்த்தத்துலயும்தான் நடத்துறாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். "பீகார்க்காரன் மொழி இந்தி"ன்னு நாம நம்புறோம் பாருங்க, அது டெல்லி எழுதின ஸ்கிரிப்ட். இந்தி ஏகாதிபத்தியத்தை எதிர்க்கிற நாமளே அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டிருக்கோம்.

பீகார்ல மண்ணோட மொழிகள் எதெல்லாம் தெரியுமா? மேற்கே போஜ்புரி. வடக்கே மைதிலி. பாட்னா, கயா பக்கம் மகஹி. பாகல்பூர் பக்கம் அங்கிகா. வைசாலி, முசாஃபர்பூர் பக்கம் பஜ்ஜிகா. இந்தின்னு இன்னைக்கு பாடப்புத்தகத்துல இருக்கிறது டெல்லி, மீரட் வட்டாரத்துப் பேச்சுமேல கட்டினது. பாட்னாவுக்கு அது வெளியூர் மொழி. மொழியியல் கணக்கு எடுத்த கிரியர்சன் 100 வருஷத்துக்கு முன்னாடியே மைதிலி, மகஹி, போஜ்புரி மூணையும் 'பீகாரி'ன்னு தனியா பிரிச்சு, வங்காளம், ஒடியா, அசாமியோட சேர்த்து கிழக்குப் பிரிவுல வச்சார். இந்தியில 'ஹை'ன்னு முடியுற இடத்துல போஜ்புரிக்காரர் 'பா'ன்னு முடிப்பார். நலமான்னு கேக்க "கா ஹால் பா?" அவ்வளவுதான். அடுத்த தடவை பக்கத்து ரூம் தம்பிகிட்ட சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மலருதுன்னு.

சரி, இவ்வளவு மொழியும் எங்க போச்சு? கணக்கைப் பாருங்க.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இந்தி பேசுறவங்க 52.83 கோடி. நாட்டுல 43 சதவீதத்துக்கு மேல. டிவி விவாதத்துல எல்லா சங்கியும் கையில வச்சிருக்கிற நம்பர் இதுதான். அந்த 52.83 கோடி மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க. உள்ள 50-க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் இருக்கு. என் தாய்மொழி போஜ்புரின்னு தெளிவா சொன்னவங்க 5.05 கோடி பேர். மகஹி 1.27 கோடி. ராஜஸ்தானி 2.58 கோடி. சத்தீஸ்கரி 1.62 கோடி. இத்தனை பேரையும் 'இந்தி'ங்கிற தலைப்புக்குக் கீழ போட்டுக் கூட்டிட்டாங்க. இந்தின்னே சொன்னவங்க 32.22 கோடிதான். 121 கோடியில அது 27 சதவீதம் கூட வராது.

திரும்பப் படிங்க. போஜ்புரி 5.05 கோடி. கன்னடம் 4.37 கோடி, ஒடியா 3.75 கோடி, மலையாளம் 3.48 கோடி. இந்த மூணுல எதை எடுத்தாலும் அதைவிட போஜ்புரி பேசுறவங்க அதிகம். கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் எட்டாவது அட்டவணையில இடம் இருக்கு, மாநிலம் இருக்கு, ஆட்சிமொழிங்கிற மரியாதை இருக்கு. போஜ்புரிக்கு? அட்டவணையிலயும் இடம் இல்லை, மாநிலமும் இல்லை. இந்தியோட கிளைன்னு ஒரு வரி. நாளைக்கு மலையாளத்தைத் தமிழ்க் கணக்குல கூட்டி, "தமிழ் பேசுறவங்க பத்து கோடி"ன்னு அறிவிச்சா மலையாளி சும்மா இருப்பாரா? நாமதான் அதை ஒத்துப்போமா?

எண்ணிக்கைதான் அளவுகோல்னா, மயிலை விட்டுட்டு காக்காவையே தேசியப் பறவை ஆக்கியிருக்கலாமேன்னு கேட்டவர் நம்ம காஞ்சிபுரத்து அண்ணா. இன்னைக்கு அவர் இருந்தா இன்னொரு கேள்வியும் கேட்டிருப்பார். இந்தக் காக்கா கணக்கே கள்ளக்கணக்குதானே? குயில், மைனா, சிட்டுக்குருவி எல்லாத்தையும் காக்கான்னு எழுதித்தானே கூட்டியிருக்காங்க?

மைதிலி கதை இன்னும் கொடுமை. 14-ஆம் நூற்றாண்டுலயே ஜோதிரீஸ்வர் தாக்கூர் 'வர்ண ரத்னாகர'ங்கிற உரைநடை நூலை எழுதின மொழி. வித்யாபதி பாடின மொழி. அவர் பாட்டை வங்காளமே சொந்தம் கொண்டாடுச்சு. திருஹுதான்னு சொந்த எழுத்தே உண்டு. நேபாளத்துல இரண்டாவது பெரிய மொழி. சாகித்திய அகாதமி 1965-ல ஏத்துக்கிச்சு. இந்தி உலகம் நாகார்ஜுன்னு கொண்டாடுற கவிஞர், வீட்டு மொழியில 'யாத்ரி'ங்கிற பேர்ல எழுதி, மைதிலிக்காகத்தான் அகாதமி விருது வாங்கினார். இவ்வளவு இருந்தும் எட்டாவது அட்டவணையில சேர 2003-ல 92-ஆவது திருத்தம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்துச்சு. இன்னைக்கும் பீகாரோட ஆட்சிமொழி இந்தி, இரண்டாவது உருது. சொந்த மாநிலத் தலைமைச் செயலகத்துல மைதிலிக்கு நாற்காலி இல்லை.

எழுத்தும் போச்சு. பீகார்ல ஒரு காலத்துல கோர்ட்டு, பத்திரம், நிலக்கணக்கு எல்லாம் கைத்தி எழுத்துல நடந்துச்சு. தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பேரனால படிக்க முடியாம, நில அளவைக்காக அரசே ஊழியர்களுக்குக் கைத்தி வகுப்பு எடுக்க வேண்டி வந்துச்சு. தன் நிலத்துக்கான பத்திரத்தையே படிக்க முடியாத நிலைமைக்கு ஒரு சமூகத்தைக் கொண்டு வந்தது எது? 1938-ல நம்ம தாத்தாக்கள் தெருவுல இறங்கலைன்னா, நடராசனும் தாளமுத்துவும் சிறையில உயிரை விடலைன்னா, 1965-ல மாணவர்கள் குண்டடி படலைன்னா, 1968-ல அண்ணா இருமொழிக் கொள்கைத் தீர்மானம் கொண்டு வரலைன்னா, நாமளும் இன்னைக்குத் தமிழை 'வீட்டுல பேசுறது'ன்னு கூச்சப்பட்டுத்தான் சொல்லிட்டிருப்போம்.

அதனால சொல்றேன். தர்பங்காவுல இருந்து வந்த அந்தத் தம்பி நம்மமேல இந்தியைத் திணிக்க வந்த சிப்பாய் இல்லை. இந்தித் திணிப்புல முதல்ல தோத்தவர். நாம ஜெயிச்ச போர்ல அவர் தோத்தார். தோத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறதா பெரியார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

2025 பிப்ரவரியில தொண்டர்களுக்கு எழுதின கடிதத்துல தலைவர் இதைத்தான் எடுத்து வச்சார். போஜ்புரி, மைதிலி, மகஹி, அங்கிகான்னு பேர் பேரா சொல்லி, இந்தி விழுங்கின மொழிகளைப் பட்டியல் போட்டார். அதை ஷேர் பண்ணின அதே கையாலதான் 'பானிபூரி'ன்னும் டைப் பண்றோம். ரெண்டும் ஒரே கழகத்துக்காரன் கையா இருக்க முடியுமா?

"அவங்களுக்கு என்ன பெரிய கல்ச்சர், யூடியூப்ல டபுள் மீனிங் போஜ்புரி பாட்டுதானே"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். ஐயா, நம்ம குத்துப்பாட்டை மட்டும் கேட்டுட்டு ஒருத்தன் தமிழை எடை போட்டா விடுவீங்களா? பிகாரி தாக்கூர்னு ஒருத்தர். 1887-ல சாரண் மாவட்டத்துல, முடிதிருத்தும் குடும்பத்துல பிறந்தவர். பிழைப்புக்கு வெளியூர் போன புருஷனுக்காகக் கிராமத்துல காத்திருக்கிற பொண்ணோட வலியை 'பிதேசியா'ன்னு நாடகமா போட்டு ஊர் ஊரா நடத்தினார். சாதி, பெண் அடிமை எல்லாத்தையும் மேடையிலேயே கேள்வி கேட்டார். நாடகத்தால சமூகத்தை உலுக்க முடியும்னு அண்ணாவையும் கலைஞரையும் பார்த்து வளர்ந்த நமக்கு, பிகாரி தாக்கூர் யாருன்னு தெரியாம இருக்கிறது நமக்குத்தான் வெட்கம்.

சட் பூஜை தெரியுமா? தீபாவளி முடிஞ்ச ஆறாவது நாள், மறையுற சூரியனுக்கும் மறுநாள் உதிக்கிற சூரியனுக்கும் தண்ணியில நின்னு கும்பிடுவாங்க. நடுவுல புரோகிதர் கிடையாது. மந்திரம் கட்டாயம் கிடையாது. விரதம் இருக்கிறவங்க பெரும்பாலும் பெண்கள். கரும்பு, பழம், மூங்கில் முறம், வீட்டுல சுட்ட தேக்குவா. சூரியனுக்குக் கரும்பு வச்சுப் பொங்கல் வைக்கிற நமக்கு இது அந்நியமா? அந்தப் பாட்டுகளை மைதிலி, போஜ்புரி, மகஹின்னு மூணு மொழியிலயும் பாடின சாரதா சின்ஹா 2024 நவம்பர் 5-ஆம் தேதி, அதே விழாவோட முதல் நாள்ல இறந்தாங்க. அன்னைக்கு நம்ம சிப்காட் ஹாஸ்டல்கள்ல எத்தனை போன்ல அந்தக் குரல் ஓடுச்சுன்னு நமக்குத் தெரியாது, ஏன்னா நாம கேக்கலை.

நம்ம ஊருக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்கும் பீகாருக்கும் உறவு சிப்காட் வந்தப்புறம் ஆரம்பிச்சதுன்னு நினைச்சுக்காதீங்க. 6-ஆம் நூற்றாண்டுல காஞ்சிபுரத்துல பிறந்த தர்மபாலர் பீகார்ல இருக்கிற நாளந்தாவுக்குப் போய், அதோட தலைமைப் பொறுப்புக்கே வந்தார். 7-ஆம் நூற்றாண்டுல சீனாவுல இருந்து வந்த யுவான் சுவாங் இதை எழுதி வச்சிருக்கார். அவருக்கு நாளந்தாவுல பாடம் சொன்ன சீலபத்திரர், நம்ம தர்மபாலரோட மாணவர். அதாவது, வேற மொழி பேசுற நம்ம ஊர்க்காரரை நாளந்தா உள்ள விட்டு, ஆசனம் போட்டு உக்கார வச்சுது. 1,400 வருஷம் கழிச்சு அந்த மண்ணுல இருந்து ஒருத்தர் வேலை தேடி நம்ம மண்ணுக்கு வந்தா நாம மீம் போடுறோம்.

தறி ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணு. இங்க பட்டு, பாகல்பூர்ல டசர் பட்டு. அவங்க ஊருக்கும் 'பட்டு நகரம்'னுதான் பேர். பிள்ளையார்பாளையத்துல ஒரு தெரு நடந்து பாருங்க. தமிழ் பேசுற செங்குந்தர், வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுற சாலியர், தெலுங்கும் கன்னடமும் பேசுற தேவாங்கர். பாவும் ஊடையும் வேற வேற நூல்தான், கோர்வை போட்டா ஒரே சேலை. வீட்டு மொழி வேற, ஊர் மொழி தமிழ். இப்படித்தான் இந்த ஊர் பல நூறு வருஷமா ஓடுது. யாரும் யாரையும் ரயில் ஏத்தலை.

இனி நீங்க கேக்கப் போற கேள்விகள்.

"அவங்க வந்து நம்ம பசங்க வேலையைப் பறிக்கலையா?" வேலையைப் பறிக்கிறவர் டீக்கடையில நிக்கிறவர் இல்லை. ஒரே வேலைக்கு ரெண்டு கூலி போடுற கான்ட்ராக்டர். வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்த் தொழிலாளியைவிடக் கூலி குறைக்கக் கூடாதுன்னு 1979-லயே சட்டம் வந்தாச்சு. அது ஒழுங்கா அமலாகியிருந்தா, குறைஞ்ச கூலிக்கு ஆள் கொண்டு வர்ற லாபமே கான்ட்ராக்டருக்கு இருந்திருக்காது. அவருக்குக் கூலி ஏறுறதுதான் நம்ம பையனுக்குப் பாதுகாப்பு. தறி நின்னு போச்சேங்கிறீங்களா? அதுக்கும் பீகார்க்காரருக்கும் சம்பந்தம் இல்லை. கைத்தறிக்கு ஒதுக்கின சேலை ரகங்களை விசைத்தறியில ஓட்டக் கூடாதுன்னு 1985-ல போட்ட சட்டம் இருக்கு. அதை ஏமாத்தி விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டுன்னு விக்கிறவன் யாருன்னு தேடுங்க. அவன் நல்லாத் தமிழ் பேசுவான்.

"பேங்க்ல இந்தியில பேசுறாங்களே?" கவுண்டருக்கு உள்ள உக்காந்து 'இந்தியில எழுதிட்டு வா'ங்கிறவரை விடாதீங்க. புகார் எழுதுங்க, வீடியோ எடுங்க, நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க, நாங்க போடுறோம். ஆனா கவுண்டருக்கு வெளிய, அந்த சலான் புரியாம நம்ம ஆயா பக்கத்துல நிக்கிற தொழிலாளியும் அவரும் ஒண்ணு இல்லை. அதிகாரத்தை எதிர்க்கிறது அரசியல். அதிகாரமே இல்லாதவரை ஏளனம் பண்றது வெறும் திமிர்.

"அவங்க தமிழ் கத்துக்க வேண்டாமா?" கட்டாயம் கத்துக்கணும். 2006 தமிழ் கற்றல் சட்டம் நாம கொண்டு வந்ததுதான். அவங்க பிள்ளைங்க நம்ம அரசுப் பள்ளியில காலை உணவு சாப்பிட்டுட்டு 'அ, ஆ' எழுதுறாங்க. ஒரு மொழியை மரியாதையா சொல்லிக் கொடுத்தா ஒட்டிக்கும். அடிச்சுக் கொடுத்தா வெறுப்புதான் வரும். இது உலகத்துலயே நமக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்.

கடைசியா, நம்ம மீம் யாருக்கு உதவுதுன்னு யோசிங்க. 2023 மார்ச் மறந்து போச்சா? தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய் வீடியோ பரப்பினாங்க. வேற எங்கயோ நடந்த சண்டையை எல்லாம் தமிழ்நாடுன்னு ஒட்டினாங்க. டிஜிபி வீடியோவுல வந்து மறுத்தார். பீகார் அரசே அதிகாரிகள் குழு அனுப்பி, திருப்பூர், கோவைன்னு போய்த் தொழிலாளர்களைப் பார்த்துட்டுப் போச்சு. பரப்பினவங்க மேல வழக்கு பாய்ஞ்சுது. அந்த நாட்கள்ல நாங்க தூங்கலை, ஒவ்வொரு வீடியோவா சரிபார்த்துப் பதில் போட்டுட்டிருந்தோம். அப்போ எனக்குள்ள ஓடின பயம் ஒண்ணுதான். நான் பழசுல போட்ட அந்த மீமை எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'பாருங்க, இவங்களே இப்படித்தான்'னு போட்டா நான் என்ன பதில் சொல்வேன்? அன்னைக்கு ராத்திரிதான் நீக்கினேன். நீங்க அந்த ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மண்டல் குழு கொடுத்த பி.பி.மண்டல் மாதேபுராக்காரர். 1978-லயே பிற்படுத்தப்பட்டோருக்கு இட ஒதுக்கீடு கொண்டு வந்து வசவு வாங்கின கர்ப்பூரி தாக்கூர் சமஸ்திபூர்க்காரர். 2023-ல சாதிவாரிக் கணக்கெடுத்து வெளியிட்டது பீகார். சமூகநீதிப் பாதையில நமக்குத் தோள் கொடுத்த மண் அது. அங்க இருந்து வர்றவரை நம்ம பக்கம் நிறுத்தாம, நாக்பூர் பக்கம் தள்ளி விடுறது யாருக்கு லாபம்?

செய்ய வேண்டியது மூணே விஷயம்.

ஒண்ணு. 'வடக்கன்', 'பான்பராக்', 'பானிபூரி' போட்ட பதிவு உங்க பக்கத்துல இருந்தா இன்னைக்கே நீக்குங்க. நம்ம பக்கத்துல வந்தா நாங்க நீக்குவோம். கழகத்துக்காரர்னாலும் நீக்குவோம்.

ரெண்டு. உங்க கம்பெனியில, ஹாஸ்டல்ல, கட்டட வேலையில இருக்கிற ஒரு பீகார் தொழிலாளிகிட்ட "உங்க வீட்டு மொழி எது?"ன்னு கேளுங்க. இந்தின்னு சொன்னா சிரிச்சுட்டு இன்னொரு தடவை கேளுங்க.

மூணு. இதுதான் முக்கியம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருது. தாய்மொழின்னு ஒரு கேள்வி இருக்கும். சொல்றவர் என்ன சொல்றாரோ அதைத்தான் எழுதணும். "இந்தின்னு சொல்லாதீங்க, போஜ்புரின்னு சொல்லுங்க, மைதிலின்னு சொல்லுங்க, மகஹின்னு சொல்லுங்க"ன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. அட்டவணையில சேர்க்கச் சொல்லி 38 மொழிகளோட கோரிக்கை உள்துறையில தூங்குது. போஜ்புரி, மகஹி, அங்கிகா, பஜ்ஜிகா நாலும் அதுல இருக்கு. மொரீஷியஸுக்குக் கரும்பு வெட்டப் போனவங்களோட பேரன்கள் 2011-ல போஜ்புரி பேசுவோர் சங்கத்துக்கு நாடாளுமன்றத்துலயே சட்டம் போட்டுட்டாங்க. டெல்லி இன்னும் கோப்பைத் திறக்கலை. அந்தக் கணக்குல இந்தி ஒவ்வொரு எண்ணா இறங்கினா, 'நாட்டோட பெரும்பான்மை மொழி'ங்கிற பொய்யும் சேர்ந்து இறங்கும். அந்த வேலையைக் காஞ்சிபுரத்துல ஒரு டீக்கடையில நின்னுகிட்டே தொடங்கலாம்.

அந்த தர்பங்கா தம்பி இப்போ வேற ஊருக்கு மாறிட்டார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார், தமிழ்ல, எழுத்துப் பிழையோட. நான் சட் பூஜைக்கு மைதிலியில அனுப்புறேன், அதைவிட அதிகப் பிழையோட. ரெண்டு பேரும் இந்தியில பேசிக்கிறதே இல்லை.

படிச்சிட்டு மனசுல பட்டா பகிருங்க.

தமிழ் வாழ்க! அவரவர் தாய்மொழி வாழ்க!

– தகவல் தொழில்நுட்ப அணி, காஞ்சிபுரம்

#இந்தித்திணிப்பை_எதிர்ப்போம் #எல்லாத்_தாய்மொழியும்_வாழ்க #காஞ்சி_தந்த_அண்ணா